சாதி அறிந்த காதுகள்: மேற்கு ஆப்பிரிக்க இசையை நாம் படிப்பது பற்றி

 

நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒருவர் எழுதி ஒருவர் படிப்பதுதான் வழக்கம். இந்த ஆண்டு எங்கள் நால்வரையும் சேர்த்து அழைத்திருக்கிறீர்கள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி, ஆங்கிலம் அல்லாத மொழிகளில் உலகம் பாடுகிற வெகுமக்கள் பாட்டுகளைக் கேட்டு, அவற்றைப் பற்றிக் கிடைப்பதைப் படித்து, சண்டை போட்டுக் கலைகிற ஒரு சின்ன வட்டம் நாங்கள். உரையை நால்வரும் சேர்ந்துதான் எழுதினோம். படிக்கிற குரல் மட்டும் ஒன்று.

மறைந்த தோழரின் பெயரால் நடக்கும் இந்த மேடையில் இதுவரை நிலம் பற்றிப் பேசியிருக்கிறார்கள், கல்வி பற்றி, தலித் இலக்கியம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நாங்கள் மாலி நாட்டுப் பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் அமைப்பாளர்களில் மூத்தவர் ஒருவர், “அதுக்கும் நமக்கும் என்னப்பா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எங்களில் ஒருவருக்கு இதே கேள்வி வேறொரு இடத்தில், வேறொரு தொனியில் வந்தது. முதுகலை முடித்துவிட்டு, மேற்கு ஆப்பிரிக்க வெகுமக்கள் இசை பற்றி ஆய்வு செய்ய விரும்பி ஒரு பேராசிரியரைப் பார்க்கப் போனார். அவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, “பறையை எடுத்துச் செய்யலாமே, உங்களுக்கு அது இயல்பா வருமே” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அன்புக்குள் ஒரு வேலைப் பங்கீடு இருக்கிறது. உலகம் மற்றவர்களுக்கு, சேரி நமக்கு. மேல்நாட்டு இசையோ கர்நாடக இசையோ படிக்கப் போகிறவரிடம் “உங்களுக்கு இயல்பா வருமா” என்று யாரும் கேட்பதில்லை.

நம்மைப் படிக்க உலகம் வந்திருக்கிறது. ஜோ ஷெரீனியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் மதுரையில் தங்கி, பரட்டை அண்ணன் என்று நாம் அழைக்கும் தியோபிலஸ் அப்பாவுவின் பாட்டுகளைப் பற்றி நூல் எழுதினார், 2014இல் வெளிவந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பறையைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார். நல்ல வேலைகள், மதிக்கிறோம். நம் கேள்வி ஒன்றே ஒன்று. நாம் யாரைப் படிக்கப் போயிருக்கிறோம்? அம்பேத்கர் நியூயார்க்கில் உட்கார்ந்து சாதியைப் பற்றி எழுதியபோது வயது 25. 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் கேட்டார். 1972இல் மும்பை இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குப் பெயர் தேடியபோது ஓக்லாந்தின் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்தார்கள். வெளியே பார்ப்பது நம் அரசியலுக்குப் பழக்கம். நம் ஆய்வுக்குத்தான் இன்னும் பழக்கமில்லை.

சரி, உலக இசை. இந்தப் பெயரே ஒரு கடைக்காரப் பெயர். 1987 கோடையில் லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில் சிறு இசைத்தட்டு நிறுவனங்களைச் சேர்ந்த சிலர் கூடினார்கள். ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியா என்று பல இடங்களின் தட்டுகளை அவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைகளில் இவற்றை எந்த அடுக்கில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் வைப்போம் என்று முடிவு செய்து தேர்ந்தெடுத்ததுதான் அந்தப் பெயர். விற்பனைக்கு உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பாடினால் ராக், பாப், சோல் என்று வகைக்கொரு அடுக்கு. மீதி மனித குலம் முழுவதற்கும் ஒரே அடுக்கு. கிராமி விருதுக்காரர்கள் 2020இல்தான் இந்தப் பெயரைக் கைவிட்டு வேறொரு பெயர் வைத்தார்கள். அடுக்கு அப்படியே இருக்கிறது. ஊருக்குள் தெருத்தெருவாகப் பெயர் இருக்கும். எல்லைக்கு வெளியே இருப்பதற்கு மட்டும் ஒரே பெயர் இருக்கும். நமக்குப் பழகிய நில அமைப்புதான்.

அந்த அடுக்கிலிருந்து நாங்கள் முதலில் எடுத்தது மாலி. காரணம் சலிஃப் கெய்தா. அவருடைய குரலைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது.

அவரைப் பற்றி மேல்நாட்டு இதழ்கள் எழுதும் கதை இது. 1949இல் ஜோலிபா என்ற ஊரில் பிறந்தார். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா கெய்தாவின் வம்சம். பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவர். வெள்ளைத் தோலோடு பிறந்த பிள்ளையை ஊர் அபசகுனமாகப் பார்த்தது. ஆசிரியராக விரும்பினார், கண்பார்வைக் குறைவால் அது நடக்கவில்லை. பமாகோ நகருக்குப் போய் மதுக்கடைகளில் பாடினார். ரயில்வே நிர்வாகம் நிலைய உணவு விடுதிக்காக 1970இல் தொடங்கிய ரெயில் பேண்டில் சேர்ந்தார். 1973இல் அதை விட்டு வேறொரு குழுவுக்குப் போனார். 1984இல் பாரீஸ். 1987இல் ‘சோரோ’ என்ற தொகுப்பு வந்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்தக் கதையின் உச்சமாக அவர்கள் எழுதும் ஒரு வரி உண்டு: அரச குலத்தில் பிறந்தவர் பாடக் கூடாது, அந்தத் தடையை அவர் உடைத்தார் என்று.

ஏன் பாடக் கூடாது? இதழ்கள் இதை அரை வரியில் தாண்டிவிடுகின்றன. எங்கள் காது அங்கேதான் நின்றது.

மண்டே சமூகத்தில் பாடுவது ஒரு சாதியின் தொழில். ஹோரோன் என்றால் சுதந்திரர், உழுகுடிகளும் ஆள்வோரும் அதில் அடக்கம். அவர்களுக்கு வெளியே ஞமகலா என்ற பிரிவு. அதில் நுமு என்போர் இரும்பு அடிப்பவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பானை வனைவார்கள். கரங்கே என்போர் தோல் வேலை செய்பவர்கள். ஜெலி என்போர் சொல்லையும் பாட்டையும் தொழிலாகக் கொண்டவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த ‘கிரியோ’ என்ற பெயரில்தான் ஜெலிகளை வெளியுலகம் அறியும். இவற்றுக்கும் கீழே அடிமைகளும் அடிமைகளின் வழிவந்தவர்களும். ஞமகலாவுக்கும் ஹோரோனுக்கும் மண உறவு கிடையாது. குயாத்தே, ஜபாத்தே என்று குடும்பப் பெயரைச் சொன்னாலே ஜெலி என்று தெரிந்துவிடும். இரும்பு, மண், தோல், பாட்டு. இந்தப் பட்டியலை வாசித்தபோது எங்களில் ஒருவர், “இதை நான் எங்க ஊர்லயே பாத்திருக்கேனே” என்றார்.

அவசரப்பட்டுச் சமன் செய்யவும் கூடாது. எங்களுக்குள் அதிகம் சண்டை நடந்தது இதில்தான். அங்கே நம்மூர் வகைத் தீண்டாமை மையமாக இல்லை. ஜெலியை இழிவாகவும் பார்ப்பார்கள், பயப்படவும் செய்வார்கள். அவர் வாயில் குடும்பத்தின் வரலாறு இருக்கிறது; புகழவும் முடியும், மானத்தை வாங்கவும் முடியும். ஞமா என்பது பொருள்களுக்குள் உறையும் ஆபத்தான ஆற்றல், அதைக் கையாளத் தெரிந்தவர்கள் ஞமகலா என்று ஒரு விளக்கம் உண்டு. ஆகவே இதைச் சாதி என்று சொல்லலாமா என்று ஆய்வாளர்கள் பலகாலமாக வாதாடுகிறார்கள். எங்களில் ஒருவர் இன்னும் ‘சொல்லக் கூடாது’ என்கிற பக்கம்தான். மற்ற மூவரும் அம்பேத்கரின் 1916ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்து வைத்தோம். தீட்டு என்பது சாதியின் தனி அடையாளம் அல்ல, அகமணமே அதன் உயிர் என்கிறது அந்தக் கட்டுரை. அந்த அளவுகோலை வைத்தால் விடை தெளிவு.

அகமணத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அது சுடுகாடு. செனகலில் செரேர் மக்கள் வாழும் பகுதிகளில் கிரியோ செத்தால் மண்ணில் புதைக்க மாட்டார்கள். புதைத்தால் நிலம் மலடாகும் என்று நம்பினார்கள். பவோபாப் மரத்தின், நம் பக்கம் பொந்தன்புளி, ஆனைப்புளி என்று சொல்லும் அதே மரத்தின், பொந்துக்குள் உடலை வைத்துவிடுவார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு இன்று அந்த மரங்களைக் காட்டுகிறார்கள். பயணக் கட்டுரைகளில் இது ஒரு விநோதச் செய்தி. பிணத்தோடு பாதை கேட்டு நின்ற ஊர்களிலிருந்து வருகிற நமக்கு இது விநோதமாகப் படாது. வாழ்நாள் முழுவதும் ஊரின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடியவருக்கு ஆறடி மண் இல்லை. இந்த ஒரு செய்தியை நடுவில் வைத்தால், கிரியோ மரபு பற்றிய புகழுரைகள் எல்லாம் வேறு மாதிரி ஒலிக்கின்றன.

இப்போது மறுபடி சலிஃப் கெய்தா. அவர் துணிச்சலில் எங்களுக்குச் சந்தேகமில்லை. நிறமியில்லாத தோலோடு அந்தச் சமூகத்தில் மேடையேறியது சிறிய காரியமல்ல. பிற்காலத்தில் அவரைப் போன்றவர்களுக்காக அறக்கட்டளையே தொடங்கினார். ஆனால் ‘தடையை உடைத்தார்’ என்ற தலைப்பு யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். அதே ரெயில் பேண்டில் அவர் போனபிறகு முன்னணிப் பாடகர் ஆனவர் மோரி கந்தே. கினியில் பிறந்த ஜெலி. பின்னாளில் கோராவையும் மின் கருவிகளையும் சேர்த்து அவர் பாடிய ‘எகே எகே’ 1988இல் ஐரோப்பா முழுக்க நடன அரங்குகளில் ஒலித்து, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரு ஜெலி, தன் புரவலர்களின் முற்றத்தை விட்டு வெளியேறி, யாரையும் புகழாமல் உலகத்தை ஆட வைத்தார். இது தடை உடைப்பு இல்லையா? இதழ்களில் அவர் ‘மரபின் வாரிசு’. மேலே இருந்தவர் கீழே இறங்கித் தொழிலைத் தொட்டால் அது புரட்சி. அந்தத் தொழிலிலேயே பிறந்தவர் அதை வேறொன்றாக மாற்றினால் அது மரபு. பறை கற்றுக்கொண்ட நகரத்து இளைஞருக்கு நாளிதழில் அரைப்பக்கம் கிடைப்பதும், சாவு வீட்டில் அடித்துக் கை வீங்கியவருக்குப் பேர்கூடக் கிடைக்காததும் உங்களுக்குத் தெரியாததல்ல.

ஜெலியின் பாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. அது வரலாற்றைச் சுமக்கிறது, எவருடைய வரலாற்றை? புரவலருடைய வரலாற்றை. ஏழு நூற்றாண்டு அரச வம்சங்கள் ஜெலிகளின் நாவில்தான் பிழைத்திருக்கின்றன. நுமுவின் வரலாறு, கரங்கேயின் வரலாறு, அடிமையின் வரலாறு அதில் எவ்வளவு? நாட்டு விடுதலைக்குப் பிறகும் புரவலர்தான் மாறினார்கள். அரசர் இருந்த இடத்தில் அதிபர் வந்தார். சலிஃப் கெய்தாவின் புகழ்பெற்ற ‘மாஞ்சு’ பாட்டே கினியின் அதிபர் செக்கு தூரேவைப் புகழ்வதுதான். பமாகோவின் கல்யாண வீடுகளில் இன்றும் பாடகி ஒருவர் பேரையும் பாட்டன் பூட்டன் பேரையும் சொல்லிப் பாட, புகழப்பட்டவர் எழுந்துவந்து பணத்தாளைக் கையில் திணிப்பார். மரியாதை போலவும் இருக்கும், கூலி போலவும் இருக்கும். பாடுகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் தெரியும், அது இரண்டும்தான் என்று.

இதற்கு வெளியே ஒரு வழி பிறந்தது. அதைத்தான் நாங்கள் அதிகம் கேட்கிறோம்.

மாலியின் தெற்கே வாசுலு என்ற பகுதி. அங்கே பாட்டு பரம்பரைத் தொழில் அல்ல. குரல் இருப்பவர் பாடலாம். வேட்டைக்காரர்கள் மட்டும் சடங்கோடு மீட்டிய ஒரு யாழ் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்குள்ள இளைஞர்கள் அதைச் சிறிதாக்கி, சுருதியை ஏற்றி, ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கமலெங்கோனி என்று பெயர், ‘இளவட்டங்களின் யாழ்’ என்று பொருள். பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. எந்த ஊரில்தான் பிடித்திருக்கிறது?

1989இல் ஊமு சங்காரே என்ற 21 வயதுப் பெண் அபிஜான் நகரில் ஆறு பாட்டுகள் பதிவு செய்தார். தொகுப்பின் பெயர் ‘மூசோலு’, பெண்கள் என்று பொருள். ஒலிநாடாவாக மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் லட்சக்கணக்கில் போனது. அவர் அப்பா இன்னொரு மனைவியோடு வாழப் போனவர்; தண்ணீர்ப் பொட்டலம் விற்றும் கல்யாண வீடுகளில் பாடியும் குடும்பத்தைத் தாங்கிய சிறுமி அவர். பலதார மணத்தையும் கட்டாயக் கல்யாணத்தையும் அவர் பாட்டுகள் நேருக்கு நேர் கேள்வி கேட்டன. அவரால் அது ஏன் முடிந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அவர் ஜெலி அல்லர். புகழ வேண்டிய கடமை அவர் தொண்டைக்கு இல்லை. புரவலரின் கைப்பணத்தை எதிர்பார்க்கும் பாட்டு புரவலரின் படுக்கையறையைப் பற்றிப் பேச முடியாது. ஒலிநாடா விற்பனை அவருக்கு வேறொரு கூலியைக் கொடுத்தது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்கள் கொடுத்த கூலி அது.

இங்கே நம் பழைய வாதம் ஒன்று நினைவுக்கு வராமல் இருக்காது. பறையை ஊர் வேலையாக அடிக்க மாட்டோம் என்று தூக்கி எறிந்த கிராமங்கள் உண்டு. அதை விடுதலைக் கருவியாக மேடையேற்றிய குழுக்கள் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது, இன்னும் இருக்கிறது. வாசுலுவின் அனுபவம் இந்த வாதத்தில் ஒரு கேள்வியைக் கூட்டுகிறது. கருவி எது என்பதைவிட, கூலி எந்தக் கையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா? இதற்கு எங்களிடம் முடிந்த பதில் இல்லை. மாலியில் இதைப் பற்றிப் பேசியவர்களிடம் என்ன பதில் இருக்கிறது என்று படிக்கத்தான் போகிறோம்.

ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டிக் கொஞ்சம் போய்வருவோம். பெயரும் இழிவும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்தில் ஏழைக் கறுப்பின மக்களின் இசைக்குச் சாம்பேட்டா என்று பெயர். சந்தையில் மீன் வெட்டவும் காய் நறுக்கவும் வைத்திருந்த கத்தியின் பெயர் அது. கத்தி வைத்திருப்பவன், காட்டான் என்ற பொருளில் ஊர்ப் பெரியவர்கள் அந்தச் சனங்களைத் திட்டிய சொல். திட்டப்பட்டவர்கள் அதையே தங்கள் பாட்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் இதழுக்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊர் மக்கள் உலக இசையைப் படித்த விதம் எங்களுக்குப் பெரிய பாடம். 1970கள் முதல் கடலோடிகள் காங்கோ, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா நாட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். பிக்கோ என்று பெயர். ஆள் உயரத்துக்கும் மேல் ஒலிபெருக்கிகளை அடுக்கி, வண்ண ஓவியம் தீட்டி, தெருவில் வைத்து அலறவிடுவார்கள். நம்மூர் ரேடியோ செட் கடைக்காரர்களுக்கு இடையில் இருக்கும் போட்டியைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். தன்னிடம் உள்ள பாட்டு இன்னொரு பிக்கோவுக்குப் போய்விடக் கூடாது என்று தட்டின் நடுவில் ஒட்டிய தாளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பாடியவர் யார், எந்த மொழி, யாருக்கும் தெரியாது. காதில் விழுந்த ஓசைக்கு ஏற்ப ஸ்பானியச் சொல் ஒன்றைப் பெயராக வைப்பார்கள். பிறகு அந்தக் கித்தார் வாசிப்பைப் பழகி, தங்கள் பாட்டை அதன்மேல் பாடினார்கள். பக்கத்தில் பலேங்கே என்ற ஊர், தப்பியோடிய அடிமைகள் அமைத்தது. அங்கிருந்து பல பாடகர்கள் வந்தார்கள். கின்ஷாசாவின் பாட்டு கார்த்தஹேனாவின் சேரிக்குள் நுழைய, லண்டனில் யாரும் கூடி அதற்குப் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை.

டொமினிக்கன் குடியரசின் பச்சாத்தா கதை இன்னும் கசப்பு. சர்வாதிகாரி துருஹியோ தன் ஆட்சியில் மெரெங்கே என்ற ஆட்ட இசையைத் தேசிய இசையாக்கினார். அவர் 1961இல் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே கித்தாரும் காதல் தோல்வியுமாக முதல் பச்சாத்தா பாட்டுகள் பதிவாயின. கிராமத்தைவிட்டு நகரத்துக் குடிசைகளுக்கு வந்தவர்களின் பாட்டு அது. பச்சாத்தா என்றால் கொல்லைப்புறக் கொண்டாட்டம். கனவான்கள் அதை வசைச்சொல்லாகச் சொன்னார்கள். பெரும்பாலான வானொலிகள் போடவில்லை. முப்பது ஆண்டு கழித்து, அமெரிக்காவில் இசை படித்துத் திரும்பிய குவான் லூயிஸ் குவெரா 1990இல் ‘பச்சாத்தா ரோசா’ என்று ஒரு தொகுப்பு போட்டார். கிராமி கிடைத்தது. கேட்க இனிமையான தொகுப்பு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வசை வாங்கியவர்களுக்கும் விருது வாங்கியவருக்கும் இடையில் இருக்கும் அந்த முப்பது ஆண்டுகளை யார் எழுதுவது? டெபோரா பசீனி எர்னாந்தெஸ் என்ற ஆய்வாளர் 1995இல் எழுதினார். 2019இல் யுனெஸ்கோ பச்சாத்தாவை மனித குலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தது. கொல்லைப்புறத்திலிருந்து நடுக்கூடத்துக்கு வர எத்தனை சிபாரிசு தேவைப்பட்டிருக்கிறது!

“அதுக்கும் நமக்கும் என்னப்பா?” என்று கேட்ட பெரியவர் முதல் வரிசையில்தான் இருக்கிறார். அய்யா, எங்களுக்குத் தோன்றுவது இது. இசை ஆய்வு நூல்கள் தாளத்தைப் பிரித்துச் சொல்கின்றன, கருவியை வரைந்து காட்டுகின்றன. யார் வீட்டுப் பெண்ணை யார் கட்டமாட்டார்கள், பாடி முடித்தவருக்குச் சோறு எங்கே வைப்பார்கள், செத்தால் எங்கே போடுவார்கள் என்பவை பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும். இந்தக் கேள்விகளை முதல் பக்கத்தில் எழுதுவதற்கு வேண்டிய காது நம்மிடம் இருக்கிறது. சாதி கொடுத்த எதையும் நாங்கள் கொண்டாடவில்லை. ஆனால் பட்ட அனுபவத்தை அறிவாக்காமல் விடுவது அதற்கு இன்னொரு முறை தண்டம் கட்டுவது போல.

செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கச் சாதி பற்றிய அடிப்படை நூல்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. வொலோஃப் சமூகம் பற்றி அப்துலாயே பாரா ஜோப் 1981இல் எழுதியது, மேற்கு ஆப்பிரிக்கச் சாதிகள் பற்றி தால் தமாரி 1997இல் எழுதியது. இவற்றை ஆங்கிலம் வழியாகக் காத்திருக்காமல் நேரே தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் வட்டத்தில் இருவர் பிரெஞ்சு படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவர் புதுச்சேரிக்காரர், அவருக்குப் பாதி வேலை மிச்சம். பம்பாரா மொழிக்கு இணையத்தில் பாடங்கள் கிடைக்கின்றன. பேராசிரியர் பறையை எடுக்கச் சொன்ன அந்தத் தோழர் விண்ணப்பத்தை மாற்றவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதே தலைப்பில் மறுபடி கொடுத்திருக்கிறார்: ‘மாலியின் தோல் தொழிலாளர்களும் வெகுமக்கள் இசையும்’. கரங்கேக்களைப் பற்றி எந்த ஜெலியாவது பாடியிருக்கிறாரா, பாடியிருந்தால் என்ன சொல்லி என்பதுதான் அவர் முதல் அத்தியாயம்.

வரும் ஞாயிறு மாலை ‘மூசோலு’ தொகுப்பின் ஆறு பாட்டுகளையும் போடுகிறோம். வரிகளின் பொருளைத் தெரிந்தவரை தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். ஒலிபெருக்கி ஒன்றுதான் இருக்கிறது. யாரிடமாவது இன்னொன்று இருந்தால் கொண்டுவாருங்கள்.